கத்தியவார் குதிரையும் அதன் பராமரிப்பும்

விருதுநகர் ஜில்லாவின் கிராமங்களில், ஊர் எல்லையிலே அய்யனார் கோவிலுக்கு முன் மண் குதிரைகள் நிற்பதைக் காணாதவர் இலர். வெயிலிலும் மழையிலும் அவை அசையாமல் நிற்கின்றன. அவற்றிற்கு ஆகாரமும் வேண்டுவதில்லை, ஜலமும் வேண்டுவதில்லை. உயிருள்ள குதிரையை வாங்கும் சிலர் அதனையும் ஏறக்குறைய இவ்விதமே நடத்திவிடுகின்றனர். "இது கத்தியவார் ஜாதி, பசி பொறுக்கும், வெயில் பொறுக்கும், எதைப் போட்டாலும் தின்னும்" என்று வியாபாரி சொல்லிய சொல்லை முழுவதும் நம்பிவிடுவதே இதற்குக் காரணமாகும். அச்சொல்லில் பாதி உண்மை உண்டு. மறு பாதியில் அபாயம் மறைந்திருக்கிறது. அவ்விரண்டையும் ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் பிரித்தறிவதற்கு உதவியாக இவ்விஷயங்கள் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

ஜட்கா வண்டிகள் ரயிலடிகளிலிருந்து மறைந்த பின்னர் குதிரை வளர்ப்போர் தொகை குறைந்துவிட்டது. இந்தியா முழுவதிலும் 2012ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கில் சுமார் 6.25 லக்ஷமாக இருந்த குதிரைகளும் மட்டங்களும், 2019ஆம் வருஷத்துக் கணக்கில் சுமார் 3.42 லக்ஷமாகக் குறைந்தன. ஆயினும் கல்யாண ஊர்வலம், கோவில் திருவிழா, வண்டிப் பந்தயம், சவாரிப் பயிற்சி ஆகியவற்றிற்காகக் குதிரை வாங்குவோர் இன்றும் உண்டு. குதிரைகள் குறைந்தபோது லாடம் கட்டுவோரும், குதிரை நோயறிந்த முதியவர்களும் கூடவே குறைந்துவிட்டனர். முற்காலத்தில் அண்டை வீட்டாரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கதிகளை இன்று வாங்குகிறவரே தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பாண்டி நாட்டின் பழைய பாடம்

குதிரைப் பராமரிப்பு அறியாமையால் நேரும் நஷ்டம் இப்பிரதேசத்திற்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபர்ணியின் முகத்துவாரத்திலிருந்த காயல் துறைமுகத்தில், பாரசீக, அரபு தேசங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. அக்காலத்தில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் ஒருவரே வருஷந்தோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை மிகுந்த விலை கொடுத்து வாங்குவதாகவும், வருஷ முடிவில் அவற்றில் 100 கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்றும், லாடம் கட்டி வைத்தியம் பார்ப்போர் நாட்டில் இல்லை என்றும், அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வியாபாரிகளே தடுத்துவிட்டார்கள் என்றும் அவர் கூறுகிறார். குதிரை சாகச் சாக வியாபாரிக்கு லாபம் அல்லவா?

அதே காலத்தைப் பற்றி எழுதிய வஸ்ஸாப் என்னும் பாரசீக சரித்திரக்காரர் வேறொரு செய்தியைத் தருகிறார். வந்திறங்கிய குதிரைகளை 40 நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பின்பு யாதொரு பழக்கமுமின்றித் திடீரென்று ஏறிச் சவாரி செய்தார்களாம். இது எத்தகைய தவறென்பது பின்னே வேலையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் விளங்கும்.

குதிரைகள் மாண்டதற்கு நாட்டின் சீதோஷ்ணம் மாத்திரமே காரணம் என்று சொல்வதற்கில்லை. நாகப்பட்டினம் ஜில்லா கோடிக்கரைக் காட்டிலும், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவிலும் மனிதர் கைவிட்ட மட்டக் குதிரைகளின் சந்ததிகள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வருகின்றன. ஆனால் நெடுந்தீவில் கடும் வறட்சி நேர்ந்தபோது ஜலமின்றிக் குதிரைகள் மடிந்ததும் உண்டு. எவ்வளவு உரமான ஜாதிக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஜாதியின் லக்ஷணங்கள்

தமிழ்நாட்டுக்கென்று பதிவு பெற்ற குதிரை ஜாதி ஏதும் கிடையாது. ஈரோடு ஜில்லா அந்தியூரில் குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையே இங்குள்ளோர் குதிரை வாங்கும் பிரசித்தி பெற்ற ஸ்தலம். நாட்டு மட்டம், மார்வாரி ஆகியவற்றுடன் கத்தியவார் குதிரைகளும் அங்கே விற்பனைக்கு வருகின்றன.

கத்தியவார் என்பது குஜராத்திலுள்ள சௌராஷ்டிர தீபகற்பத்தின் பழைய பெயர். மதுரையில் வாழும் சௌராஷ்டிர சமூகத்தாரின் பூர்வீகம் என்று வழங்கப்படும் தேசமும் அதுவே. கரிசல் மண், பருத்தி, நிலக்கடலை, சோளம், கம்பு, நீண்ட கோடை, சொற்ப மழை ஆகிய இவை அத்தேசத்தின் தன்மைகள். சாத்தூர், அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் குடியானவருக்கு இவை ஒன்றும் புதியன அல்ல. ஆகையால் கரிசல் பூமிக்கு வடநாட்டுக் குதிரைகளில் பொருத்தமான ஒன்றைத் தேடுவோர் இந்த ஜாதியை விரும்புவது நியாயமே.

இதன் முதல் அடையாளம் காது. இரு காதுகளும் உட்புறமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி அல்லது தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி நிற்கும். அவற்றை எத்திசைக்கும் எளிதில் திருப்பிக்கொள்ளும். நெற்றி அகன்றும், முகம் பக்கவாட்டில் பார்க்கையில் சற்றுக் குழிந்தும், மூக்குத் துவாரங்கள் விரிந்தும் இருக்கும். உயரம் முன் முதுகு மேட்டில் அளந்தால் பெரும்பாலும் 14 முதல் 15 கைவரை ஆகும். ஒரு கை என்பது 4 அங்குலம். தனிக் கறுப்பைத் தவிர மற்றெல்லா நிறங்களிலும் உண்டு. பின்னங்கால் முழங்கால் மூட்டு அரிவாள் போல் சற்று வளைந்திருப்பது இதில் அடிக்கடி காணப்படும் அமைப்பு. ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து எடுத்து வைக்கும் 'ரவால்' என்னும் மெத்தென்ற நடை சில குதிரைகளுக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கும். நெடுந்தூரச் சவாரிக்கு அந்நடை மிகவும் சுகமானது.

மராட்டியப் படையிலும் பின்பு ஆங்கிலேயரின் குதிரைப் படையிலும் இந்த ஜாதி சேவை செய்திருக்கிறது. வெயில், தாகம், சொற்ப ஆகாரம் ஆகியவற்றைச் சிறிது காலம் தாங்கவல்லது. எஜமானனை அறிந்து பழகும், புத்தியுள்ளது, அதே சமயம் துடிப்பும் மிகுந்தது. 'சிறிது காலம் தாங்கும்' என்பதை 'எக்காலமும் தாங்கும்' என்று எண்ணுவதே தவறு. உரமற்ற குதிரை பசித்தால் அன்றே துவண்டு, தன் துன்பத்தைக் காட்டிவிடும். உரமான குதிரை அதைக் காட்டாமலே வேலை செய்துகொண்டிருக்கும். காட்டும் நாளில் காலம் கடந்துவிட்டிருக்கும். எனவே உரமான ஜாதியை வைத்திருப்பவருக்குக் கவனிப்பு அதிகம் வேண்டுமேயன்றிக் குறையலாகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சந்தைக்குச் செல்வோர் முதலில் சுழி பார்க்கின்றனர். சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அதற்கு முன்னர் குளம்பைப் பார்ப்பது நன்று. நான்கு குளம்புகளும் வெடிப்பின்றியும், உள்ளங்குளம்பு துர்நாற்றமின்றியும் இருக்க வேண்டும். கெட்டித் தரையில் நேராக நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்த்தால், நொண்டும் குதிரை வலியுள்ள முன்கால் ஊன்றும்போது தலையை மேலே தூக்கிக் காட்டிவிடும்.

வயதை முன் பற்களால் அறியலாம். நடு ஜோடிப் பற்கள் 2½ வயதிலும், அடுத்த ஜோடி 3½ வயதிலும், கடைசி ஜோடி 4½ வயதிலும் விழுந்து முளைக்கும். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். மூன்று வயது நிரம்பாத குட்டியின் மேல் பாரம் ஏற்றுவது அதன் முதுகையும் மூட்டுக்களையும் ஆயுள் முழுவதும் கெடுத்துவிடும். நல்ல பராமரிப்பில் குதிரை 25 வருஷம் வரை வாழக்கூடியது, அவசரப்படுவதற்கு அவசியமில்லை.

வடநாட்டிலிருந்து வரும் குதிரைக்குக் கிளாண்டர்ஸ் என்னும் வியாதி இல்லையென்று இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்குதல் அவசியம். மூக்கில் சளியும் புண்ணும், தோலின் கீழ்க் கட்டிகளும் காணும் இவ்வியாதி மனிதரையும் பற்றும். அது கண்டவிடத்துச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2009ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் விதிக்கிறது. நோய் உறுதிப்பட்ட குதிரையை உயிருடன் விட்டு வைப்பதில்லை. புதிதாக வந்த குதிரையை மற்றக் குதிரைகளுடன் சேர்க்காமல் மூன்று வாரமேனும் தனியே கட்டி, தனித் தொட்டியில் ஜலம் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் அங்கத்தினர்களுக்கு விசேஷமாக நினைவூட்டத் தக்கது. ஒருவர் கடன் பெற்று ஆடி மாதச் சந்தையில் குதிரை வாங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். இடம் மாறி, ஆகாரம் மாறி அது பழகிக்கொண்டிருக்கையிலேயே ஐப்பசி வந்துவிடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையால் கரிசல் சேறாகும். தீபாவளி வெடிச் சத்தம் எழும். வாங்கிய மூன்று மாதத்திற்குள் அதற்கு நேரும் பெரும் சோதனைகள் இவை. குதிரை இறந்தால் அத்துடன் அதன் சம்பாத்தியம் தீரும், கடன் தீராது. ஆதலால் வாங்கிய அன்றே இன்ஷ்யூர் செய்துகொள்வது கடனாளிக்கும் சங்கத்திற்கும் ஒருங்கே பாதுகாப்பாகும். தேசியக் கால்நடை இயக்கத்தின் விதிகளை மத்திய மந்திரி சபை 2024ஆம் வருஷம் பிப்ரவரியில் திருத்தியபோது, இன்ஷ்யூரன்ஸ் பிரீமியத்தில் கால்நடை வளர்ப்போரின் பங்கு 15 சத விகிதமாகக் குறைக்கப்பட்டது. குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றை வைத்துத் தொழில் தொடங்குவோருக்கும் உழவர் குழுக்களுக்கும் மூலதனத்தில் பாதி வரை, 50 லக்ஷம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் அளிக்கவும் அப்போது வகை செய்யப்பட்டது. விவரங்களைக் கால்நடைப் பராமரிப்பு இலாகாவிடம் கேட்டறியலாம்.

ஆகாரமும் ஜலமும்

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்பது பழமொழி. கொள்ளைக் கண்டு வாயைத் திறக்கும் குதிரையின் வயிறு எத்தகையது என்பதை அறிந்தோர் சிலரே. மாட்டுக்குள்ளது போல் அசைபோடும் பெருவயிறு குதிரைக்கு இல்லை. அதன் இரைப்பை தேகத்தின் அளவுக்கு மிகச் சிறியது. உண்டதை வாந்தி செய்யவும் குதிரையால் முடியாது. கெட்டுப்போன தீனியோ மிதமிஞ்சிய தானியமோ உள்ளே சென்றால் திரும்பி வர வழியில்லை. ஆகையால் மாட்டுக்குப் பொருந்தும் தீனி முறையைக் குதிரைக்கு அனுசரிப்பது பெருந்தவறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுப்பதே விதி.

தேகத்தின் எடை தெரிந்தால் தீனியின் அளவு தெரியும். தராசு இல்லாமலே எடையறிய ஒரு கணக்கு உண்டு. முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புறத்து முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ள வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் எடை சுமார் 323 கிலோ ஆகும். நாளொன்றுக்கு எடையில் 100க்கு 2 பங்கு உலர்ந்த தீனி வேண்டும். மேற்படி குதிரைக்கு அது சுமார் 6½ கிலோ. இதில் 5 கிலோவுக்குக் குறையாமல் தட்டையும் புல்லும் இருக்க வேண்டும். மிச்சத்தைக் கொள்ளும் கம்புமாக இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். கொள்ளை ஊறவைத்து வேகவைத்து ஆறியபின் கொடுப்பது நல்லது. வேலை நாளில் உப்பு 30 கிராமுக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும்.

கரிசல் காட்டில் எளிதிற் கிடைக்கும் தீனிகளைப் பற்றிச் சில எச்சரிக்கைகள் உண்டு.

சோளம்: இளம் சோளப் பயிரிலும், மழையின்றி வாடிய பயிரிலும், அறுத்த தாளில் துளிர்த்த கிளைப்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய விஷம் உண்டாகிறது. மாட்டைக் கொல்லும் இவ்விஷயம் யாவரும் அறிந்ததே. பச்சைச் சோளத்தை நாள்தோறும் மேயும் குதிரைக்கு வேறொரு கேடும் உண்டு. நாளடைவில் பின்னங்கால்கள் தள்ளாடி, சிறுநீர் தானே ஒழுகத் தொடங்கும்; அந்நிலை வந்தபின் குணமாவது அரிது. ஆகையால் பச்சைச் சோளத்தில் குதிரையை மேய விடலாகாது. முற்றி நன்கு உலர்ந்த சோளத்தட்டையையே கொடுக்க வேண்டும். கம்பில் அந்த அமில விஷம் இல்லாமையால் கம்பந்தட்டை மேலானது.

நிலக்கடலைக் கொடி: போஷணை மிகுந்தது, சுண்ணாம்புச் சத்தும் உள்ளது. ஆனால் வேரோடு ஒட்டிய மண்ணை உதறாமல் கொடுத்தால் மண் குடலில் தங்கி வயிற்றுவலி உண்டாகும். பூஞ்சணம் பூத்த கொடியையும் பிண்ணாக்கையும் வேலிக்கு அப்பால் எறிந்துவிட வேண்டும்.

தவிடு: மலிவு என்று தவிட்டையே பிரதானமாகக் கொடுத்தால், அதில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்துவிடும், முகத்தெலும்பு வீங்கிக் கால்கள் நொண்டும். கைப்பிடியளவு சேர்ப்பதில் குற்றமில்லை.

பருத்திக் கொட்டையும் கோழித் தீவனமும்: பருத்திக் கொட்டை மாட்டுக்கே உரியது, அதிலுள்ள நச்சுப் பொருளை மாட்டின் பெருவயிறு தாங்குவது போல் குதிரையின் வயிறு தாங்காது. கோழித் தீவனத்தில் நோய்த் தடுப்புக்காகச் சேர்க்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் என்னும் மருந்துகள் கோழிக்கு நன்மை செய்பவை. குதிரைக்கோ இருதயத்தைத் தாக்கிக் கொல்பவை. கோழிப் பண்ணையும் லாயமும் அருகருகே உள்ள வீடுகளில் சாக்கு மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜலம்: சாதாரண நாளில் 25 முதல் 35 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் வேலை செய்யும் நாளில் இதுவே இருமடங்காகலாம். தானியத்திற்கு முன் ஜலம் காட்டுவது வழக்கமாக இருக்கட்டும். கழுத்துத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தால், ஜலம் போதிய குதிரைக்குத் தோல் உடனே படிந்துவிடும். மடிப்பு அப்படியே நின்றால் தாகம் மிகுந்துவிட்டது என்று பொருள். தீனியை எக்காலத்தும் ஒரே நாளில் மாற்றலாகாது. ஒரு வாரத்திற்குமேல் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி வரவேண்டும்.

லாயம், குளம்பு, வேலை

லாயம் 12 அடிக்கு 12 அடி இருந்தால் குதிரை படுத்து எழுந்திருக்கப் போதும். கரிசல் மண் ஜலத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் தரையைச் சரளை போட்டு மேடாக்கி, மேலே மணல் பரப்ப வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் நின்ற குளம்பு அடியில் அழுகிக் கறுப்பாகவும் நாற்றமாகவும் கசியும். நாள்தோறும் காலையும் மாலையும் நான்கு குளம்புகளையும் தூக்கி, கொக்கியால் மண்ணையும் கல்லையும் எடுத்துத் துடைத்துவிட்டால் இந்நோய் வராது. லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்திற்கு ஒரு முறை குளம்பைச் சீவித் திருத்த வேண்டும். லாடம் தேயவில்லையே என்று காத்திருப்பது சரியன்று. லாடத்தின் கீழே குளம்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

பாரம் சுமக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் வருஷத்து விதிகளின்படி வண்டியிழுக்கும், பொதி சுமக்கும் பிராணியை நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ச்சியாக 5 மணி நேரத்திற்கு மேலும் கூடாது. 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உஷ்ணமுள்ள இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்குதல் அறவே தகாது. மட்டக் குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றலாகாது. முள் வைத்த கடிவாளமும் விலக்கப்பட்டுள்ளது. சித்திரை, வைகாசி மாதங்களில் விருதுநகர்ப் பக்கத்து வெயில் எவ்வளவு என்பதை அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

வேலையில்லாத நாட்களில் தானியத்தைப் பாதியாகக் குறைத்து, அரை மணி நேரமேனும் நடக்க விடவேண்டும். முழுத் தானியம் தின்று சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினால், தொடைத் தசைகள் கல்லைப்போல் இறுகி, சிறுநீர் காப்பிக் கஷாயம் போல் கறுத்து, அடுத்த அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடும். அந்நிலையில் ஓர் அடியும் நடத்தாமல் அங்கேயே நிறுத்தி, மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். நாற்பது நாள் கட்டிவைத்துப் பின் ஏறியவர்களின் குதிரைகள் பலவும் இவ்விதமே கெட்டிருக்கக் கூடும். கல்யாண முகூர்த்தங்களுக்கு மட்டும் குதிரையை வெளியே எடுப்போர் இதனை நன்கு மனதிற் கொள்ள வேண்டும்.

வெடித் தொழில் பிரதேசத்தில் விசேஷ எச்சரிக்கை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் குதிரை வைத்திருப்போருக்கு வேறு ஊராருக்கு இல்லாத மூன்று கவலைகள் உண்டு.

முதலாவது லாடம். இரும்பு லாடம் கல்லில் உரசினால் தீப்பொறி எழும். பட்டாசுத் தொழிற்சாலை, மருந்துக் கிடங்கு, சரக்கு உலர்த்தும் களம் ஆகியவற்றின் அருகே லாடம் கட்டிய குதிரையைக் கொண்டு செல்லவே கூடாது. சற்று அஜாக்கிரதையால் மாளப்போவது குதிரை மட்டுமன்று.

இரண்டாவது கழிவு. தொழிற்சாலைகளை அடுத்துக் கொட்டப்படும் கழிவுகளில் வெடியுப்புகள், கந்தகம், அலுமினியத் தூள் முதலியவை கலந்திருக்கும். உப்புச் சுவையை நாடிக் கால்நடைகள் அவ்விடத்து மண்ணை நக்குவதுண்டு. அங்கே குதிரையை மேய விடுவதும், மழைக்குப்பின் அங்கே தேங்கிய ஜலத்தைக் காட்டுவதும் தகா. தகரத் துண்டு, கம்பி, ஆணி ஆகியவை கிடக்கும் இடமும் அதுவே. அவற்றால் நேரும் காயத்தின் அபாயம் பின்னே கூறப்படும்.

மூன்றாவது சத்தம். குதிரையின் காது மனிதக் காதினும் நுட்பமானது. திகிலடைந்த குதிரைக்கு இயற்கை கற்பித்திருக்கும் ஒரே உபாயம் ஓட்டம். ஜனக்கூட்டத்தின் நடுவே மாப்பிள்ளையைச் சுமந்து நிற்கும் குதிரையின் காலடியில் சரவெடி வைத்தால், குற்றம் குதிரையினுடையதன்று. ஊர்வலத்திற்கு ஒப்புக்கொள்ளும்போதே வெடி வைப்பதில்லை என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும். தீபாவளி இரவில் குதிரையைப் பழகிய லாயத்திலேயே, பழகிய மனிதர் ஒருவர் துணையிருக்க, முன்னே நிறையத் தட்டை போட்டு வைக்கலாம். மென்றுகொண்டிருக்கும் குதிரை சீக்கிரம் அமைதியடையும். வெளியே மரத்தில் கட்டி வைத்தால் கயிற்றில் சிக்கிக் காலை முறித்துக்கொள்ளும். ஓலைக் கூரை குளிர்ச்சியானதெனினும், வாணவெடிப் பொறி விழும் இவ்வூர்களில் ஓட்டுக் கூரையே உசிதம்.

வியாதியும் முதல் உதவியும்

ஆரோக்கியமான வயது வந்த குதிரைக்கு, ஓய்வாக நிற்கையில் தேக உஷ்ணம் 37.5 முதல் 38.5 டிகிரி வரையும், நாடி நிமிஷத்திற்கு 28 முதல் 44 வரையும், சுவாசம் 8 முதல் 16 வரையும் இருக்கும். மேற்சொன்னபடி உரமான குதிரை நோயை மறைக்கும். இந்த மூன்று எண்களோ மறைக்கமாட்டா. வாரம் ஒரு முறை பார்த்துக் குறித்து வைப்பவருக்கு நோய் தலைகாட்டும்போதே தெரிந்துவிடும்.

வயிற்றுவலி: முன்காலால் தரையைப் பறித்தல், திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தல், படுத்துப் புரளுதல், சாணம் போடாதிருத்தல் ஆகியவை அடையாளங்கள். குதிரைகளின் மரணத்திற்கு இது ஒரு முக்கிய காரணம். தீனியை உடனே நிறுத்தி, புரளாதபடி மெல்ல நடத்திக்கொண்டே வைத்தியரை வரவழைக்க வேண்டும். எண்ணெயும் கஷாயமும் மூங்கில் குழாயால் புகட்டினால் நுரையீரலுக்குள் சென்று மூச்சடைத்துவிடக் கூடும்.

ரண ஜன்னி: டெட்டனஸ் எனப்படும் இந்நோய்க்குக் குதிரையைப் போல் எளிதில் இரையாகும் வளர்ப்புப் பிராணி வேறில்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி, ஆணி குத்திய சிறு துவாரம் வழியே புகுந்துவிடும். தாடை இறுகி, உடல் மரக்கட்டை போல் விறைத்தபின் பிழைப்பது அரிது. ஆயினும் இதைத் தடுப்பது மிக எளிது. 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசியும், பின் வருஷத்திற்கு ஒன்றும் போட்டால் போதும். வெறிநாய்க் கடிக்கான தடுப்பூசியையும் வருஷந்தோறும் போட்டுவிடுவது நன்று.

சர்ரா: கடிக்கும் ஈக்களால் பரவுவது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நல்ல தீனி தின்றும் இளைத்தல், ஈறு வெளிறுதல், கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் ஆகியவை கண்டால் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். தக்க சமயத்தில் ஊசி போட்டால் குணமாகும். சாணக் குழியை லாயத்திலிருந்து தூரத்தில் அமைத்தால் ஈத்தொல்லை குறையும்.

இவை தவிர, குடற்புழுவுக்கு வைத்தியர் சொல்லும் காலங்களில் மருந்து கொடுப்பதும், வருஷம் ஒரு முறை பற்களைக் காட்டிக் கூர்முனைகளை அராவச் செய்வதும் அவசியம். வாயிலிருந்து மென்ற தட்டை உருண்டையாக விழுந்தால் பல்லில் பழுது என்று அறியலாம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஒரு குதிரைக்காக லாடம் கட்டுபவர் மதுரையிலிருந்து வரமாட்டார்; பத்துக் குதிரைகளுக்கு வருவார். தனி ஒருவர் வாங்கும் அரை மூட்டைக் கொள்ளுக்குச் சில்லறை விலை. பத்துப்பேர் சேர்ந்து அறுவடைக் காலத்தில் வாங்கினால் மொத்த விலை. மழைக்கு முன் தட்டையை உலர்ந்த கொட்டகையில் சேர்த்து வைப்பதும், புரட்டாசியில் ஒரே நாளில் எல்லாக் குதிரைகளுக்கும் தடுப்பூசி போடச் செய்வதும், இன்ஷ்யூரன்ஸ் கெடு தவறாமல் நினைவூட்டுவதும் ஒருவரால் ஆகாதவை. பலர் சேர்ந்தால் எளிதில் ஆகக் கூடியவை. அண்டைக் கிராமங்களின் அங்கத்தினர்கள் இதற்கென ஒன்றுகூடினாலே போதும். ஊர் இளைஞர் ஒருவருக்குக் குளம்பு சீவவும் லாடம் கட்டவும் பயிற்சி கிடைக்கும்படி செய்தால், மார்க்கோ போலோ கண்ட குறைகளில் முக்கியமானது இந்த ஊர்களில் நீங்கிவிடும்.

பாண்டியர் காலத்துக் குதிரைகளின் விலையை அரசரின் பொக்கிஷம் தாங்கிற்று. இன்றைய குதிரையின் விலையைத் தாங்குவது ஒரு குடும்பத்தின் சேமிப்பும் கடன் பத்திரமும் ஆகும். காலையில் நான்கு குளம்பைத் தூக்கிப் பார்த்தல், தொட்டியில் ஜலம் குறைந்த அளவைக் கவனித்தல், சாணத்தைப் பார்த்தல், தீனியைத் தின்றதா என்று நோக்குதல் ஆகிய இந்நான்கிற்கும் ஒரு நாழிகை கூட ஆகாது. தன் வலியைச் சொல்லிக்கொள்ளாத பிராணியிடம் அதைக் கேட்டறியும் வழி இதுவே.